பாதிப் பேருக்குத்தான் மருந்து

"ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க. வலி எவ்வளவு?" என்று கேட்டாள் நர்ஸ்.

"எட்டு," என்றாள் அக்கா.

"ரெண்டு. இல்ல, ஒண்ணரைன்னே போட்டுக்குங்க," என்றாள் தங்கை.

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேருக்குள் இவ்வளவு வித்தியாசமா என்று வியந்தபடியே நர்ஸ் படிவத்தில் எழுதிக்கொண்டாள். அக்கா விரல்களைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். முகம்தான் வலியில் சுருங்கியிருந்தது. மனசுக்குள் ஏகப்பட்ட சந்தோஷம்.

இருவருக்கும் ஒரே நோய், முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது, மடங்கினால் நிமிராது. அக்கா தையற்கடை வைத்திருந்தாள். தங்கைக்கு ஒரு பார்லரில் முடி வெட்டும் வேலை. ஊசியும் கத்தரிக்கோலும் பிடிக்க முடியாவிட்டால் இருவருக்கும் பிழைப்பு இல்லை.

ஆறு மாதம் முன்பு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரையை வைத்து ஆராய்ச்சி தொடங்கினார்கள். இருவரும் பெயர் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, மீதிப் பேருக்கு அதே போல இருக்கும் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும், டாக்டருக்குக்கூடத் தெரியாது. மாதாமாதம் ரத்தம் எடுப்பார்கள். அதன் முடிவுகளை ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவர் மாத்திரையை இன்னொருவர் தொடவே கூடாது என்று நர்ஸ் மூன்று முறை சொல்லி அனுப்பினாள்.

முதல் மாதம் முடிவதற்குள் அக்காவின் விரல்கள் இளகிவிட்டன. அவள் ஒரே மூச்சில் ஒரு சட்டைக்கு எல்லாப் பொத்தானும் தைத்தாள். அன்று சாயங்காலம் தங்கை வாடிய முகத்தோடு வந்தாள். கத்தரிக்கோல் கை நழுவி ஒரு வாடிக்கையாளரின் காதோரம் உரசிவிட்டதாம். நாளையிலிருந்து வரவேற்பு மேஜையில் உட்காரச் சொல்லிவிட்டாளாம் முதலாளியம்மா.

"உனக்கு நிஜ மருந்து விழுந்திருக்குக்கா. எனக்கு மாவு. அவ்வளவுதான்," என்று தங்கை சிரிக்கப் பார்த்தாள்.

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டாம் மாதத்து மாத்திரைகள் வந்தன. மறுநாள் காலை தங்கை குளிக்கப் போனதும், அக்கா இரண்டு புட்டிகளையும் கவிழ்த்து, இதில் இருந்ததை அதிலும் அதில் இருந்ததை இதிலும் போட்டு மூடினாள். ஏதோ திருட்டு வேலை செய்வது போலத்தான் இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அதே வேலை. மூடி வைத்த கையோடு கடைக்குக் கிளம்பிவிடுவாள், தங்கை முகத்தைப் பார்க்க வேண்டாமே என்று.

பத்தே நாளில் பலன் தெரிந்தது. தங்கை பாட்டு முணுமுணுத்துக்கொண்டு எழுந்தாள். அக்காவால் திறக்க முடியாத பாட்டில் மூடியை வாங்கி, ஒரே திருகில் திறந்து கொடுத்தாள். மறுபடியும் கத்தரிக்கோல் பிடித்தாள். பழைய இடம் கிடைத்துவிட்டது என்று முதலாளியம்மாவைப் போலவே பேசிக் காட்டினாள்.

அக்காவுக்கோ வலி திரும்பிவிட்டது. ராவெல்லாம் விரல்கள் குடைந்தன. பொத்தான் தைக்கும் வேலையைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினாள். தங்கை சுடுதண்ணீர் வைத்து அவள் கையைப் பிடித்து முக்கும்போதெல்லாம், வலிச்சா வலிச்சுட்டுப் போகட்டும், அவள் நல்லா இருந்தால் சரி என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரே ஓர் உறுத்தல். ஊர் உலகத்துக்குப் பயன்படப்போகும் ஆராய்ச்சியில் தன்னால் தப்புக் கணக்கு ஏறுகிறதே.

கடைசி ரத்தம் கொடுத்துச் சில வாரம் கழித்து டாக்டர் இருவரையும் கூப்பிட்டார். மருந்து நன்றாகவே வேலை செய்திருக்கிறது, இனி மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நிஜ மருந்து உண்டு என்றார். பிறகு யாருக்கு எது என்று குறித்திருந்த உறையைப் பிரித்தார். அக்காவுக்கு நிஜ மருந்து, தங்கைக்கு மாவு.

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். தான் போட்ட கணக்கு சரிதான். ஆனால் இனியும் மறைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"டாக்டர், நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்று தொடங்கி, புட்டிகளை மாற்றியதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார்.

"நீங்க சொல்றது இதுல தெரியலையேம்மா. ஆறு மாசமும் உங்க ரத்தத்துல மருந்து இருந்திருக்கு. மூட்டு வீக்கமும் எப்பவோ வடிஞ்சாச்சு. மருந்து போச்சுன்னு நீங்களா நம்பினதுல வந்த வலிதான் உங்களுக்கு. உங்க தங்கச்சி ரத்தத்துலதான் ஒரு மாசம்கூட மருந்தே இல்ல. வீக்கம் இன்னும் அப்படியே இருக்கு. இவங்க எப்படிக் கத்தரிக்கோல் பிடிச்சாங்கன்னே எனக்குப் புரியல."

அக்கா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் தடவையே பாத்ரூம் கதவிடுக்குல பார்த்துட்டேன்க்கா," என்றாள் தங்கை. "மாசாமாசம், நீ கடைக்குக் கிளம்பின கையோட நான் திருப்பி மாத்தி வெச்சிடுவேன்."