வெயில் மயக்கம்

மயிலாத்தாள் கதவைத் தோளால் இடித்தாள். பாதிதான் திறந்தது. உள்ளே ஏதோ தடுத்தது.

கால்.

விடுதியின் மூன்றாம் மாடிக் குளியலறை. பிள்ளைகள் எல்லாரும் கீழே கலையரங்கத்தில் இருந்தார்கள். போதை ஒழிப்பு உறுதிமொழி நாள். பத்தரைக்கு விருந்தினர் வருகிறார் என்று காலையிலேயே இரண்டு தடவை கழுவச் சொல்லியிருந்தார்கள்.

இடுக்கில் உடம்பை நுழைத்து உள்ளே போனாள்.

பையன் குப்புறக் கிடந்தான். தரணீஷ். முதல் வருடம். கன்னம் வாந்தியில் பதிந்திருந்தது. மூக்கோரம் ஒரு குமிழ் வந்து உடைந்தது. அடுத்தது வர வெகுநேரம் ஆயிற்று.

ஆறு வருடமாக இந்த மாடியில் வாந்தி அள்ளுகிறாள். திங்கட்கிழமை என்றால் இரண்டு வாளி.

அவனை ஒருக்களித்துப் புரட்டினாள். வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, அடைத்திருந்ததை வழித்து எடுத்தாள். மூச்சு கரகரவென்று வந்தது. உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது.

வாளிக்குப் பின்னால் பிராந்தி பாட்டில். பக்கத்தில் காலியான மாத்திரை அட்டை.

வார்டனுக்குப் போன் செய்தாள்.

தாமோதரன் சார் மூச்சிரைக்க ஏறி வந்தார். புதுச் சட்டை. பையின்மேல் உறுதிமொழி பேட்ஜ். வாசலோடு நின்றுவிட்டார்.

"சனியன். இன்னைக்குத்தானா இதுக்கு நேரம்?"

"ஆம்புலன்சைக் கூப்புடுங்க சார்."

"கீழ கார் வந்து நிக்குது மயிலாத்தா. டிவிக்காரங்க வேற இருக்காங்க. ஒரு முக்கால் மணி நேரம் பொறுத்துக்க. மூஞ்சியில தண்ணியத் தெளி. கதவைச் சாத்திட்டு இங்கயே இரு. ஒருத்தனையும் மேல விடாத."

பாட்டிலையும் அட்டையையும் ஷூ நுனியால் அவள் பக்கம் தள்ளினார்.

"இதையும் குப்பையில போட்ரு."

பேட்ஜைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போனார். படியில் அவர் விசிலடிக்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

அவள் அட்டையை எடுத்துத் தன் நீலக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

போனை மறுபடி எடுத்தாள். விரல் வழுக்கியது. ஒன்று. பூஜ்யம். எட்டு.

வண்டி வரும்வரை அவன் தலை தரையில் படாமல் கையில் தாங்கிக்கொண்டிருந்தாள். கலையரங்கத்தில் ஆயிரம் குரல் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில்தான் ஆம்புலன்ஸ் சங்கு கேட்டது.

என்ன சாப்பிட்டான் என்று வண்டியில் வந்த நர்ஸ் கேட்டாள். மயிலாத்தாள் அட்டையைக் கொடுத்தாள்.

பிழைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள்.

வெளி பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தாள். தாராபுரம் பக்கத்திலிருந்து வந்திருக்கிறாள். மடியில் ஒரு பெரிய டப்பா. நீலக் கோட்டைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானுங்களா எம் பையனைத் தூக்குனது? வெயில் மயக்கமுன்னு சார் சொன்னாருங்க. டாக்டர்கிட்டயும் அவருதான் பேசுனாரு. காலையில ஒரு வாய் திங்க மாட்டான். அதானுங்க."

அந்த அம்மா டப்பாவைத் தூக்கிக் காட்டினாள்.

"சத்துமாவு அரைச்சுக் கொண்டாந்திருக்கேன். நாளைக்கு அவனை ஆஸ்பத்திரியில இருந்து விட்டுருவாங்க. மறுபடி இங்கதான இருக்கோணும்? மெஸ்சுல குடுத்துட்டுப் போனா தெனமும் கலக்கிக் குடுப்பாங்களா?"

கண்ணில் அவ்வளவு நம்பிக்கை.

உள்ளே பிரின்சிபாலும் வார்டனும் இருந்தார்கள். சந்தன ஸ்பிரே அடித்த அறை. மேசைக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. மயிலாத்தாள் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

வார்டன் ஒரு தாளைத் திருப்பி வைத்தார். முழுக்க இங்கிலீஷ்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னுங்க சார் எழுதியிருக்குது?"

"பையன் வெயில்ல மயங்கி விழுந்தான். நாங்க உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புனோம். அவ்வளவுதான்."

பிரின்சிபால் தலையைத் தூக்காமல் சொன்னார். "அவனோட எதிர்காலத்துக்காகத்தாம்மா. பேரு கெட்டா அவனுக்குத்தானே கஷ்டம்."

"அவன் ரூம்ல இன்னும் மூணு பேரு இருக்காங்களே சார்."

"அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"திங்கக்கிழமையானா வாந்திய நானுங்க சார் அள்ளறேன்."



வார்டன் தன் பேனாவை அவள் கையில் திணித்தார். அவர் பிடித்திருந்த இடம் வேர்வையில் பிசுபிசுத்தது. அவளால் அதை வைத்திருக்க முடியவில்லை. மேசைமேல் போட்டாள். விரல்களைப் புடவையில் துடைத்தாள். இன்னொரு தடவை துடைத்தாள்.

"என்ன, வேலை வேண்டாமா?" என்றார் வார்டன்.

வேணும். அவள் வீட்டில் வேறு யாரும் சம்பாதிக்கவில்லை.

"போடறேனுங்க சார். ஒருக்கா தமிழ்ல சத்தமாப் படிங்க."

"இப்பத்தானே சொன்னேன்?"

"எனக்கில்லீங்க."

அவள் போய்க் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க அம்மிணி. உங்க பையனைப் பத்தி சார் என்னமோ படிக்கறாங்க. படிச்சு முடிச்சதும் நான் ஒண்ணு சொல்லோணும்."

அந்த அம்மா செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். டப்பாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பேருக்கும் பொதுவாகக் கும்பிட்டாள்.

வார்டன் தாளைப் பார்த்தார். பிரின்சிபால் வார்டனைப் பார்த்தார்.

மயிலாத்தாள் கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"படிங்க சார்," என்றாள் அந்த அம்மா.