சாய்தளம்

"இந்த பைக்கெல்லாம் யாருதுங்க? கொஞ்சம் எடுங்க. தங்கச்சி மேல ஏறணும்!"

அண்ணன் சங்கிலி போட்ட சத்தத்துக்கு யாரும் வரவில்லை. புதிய கோர்ட் கட்டடத்தின் சாய்தளத்தை மறித்து நாலு பைக்குகள் நின்றன. மணி பத்தே கால். பத்தரைக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொரு பைக்காகப் பின்பக்கம் தூக்கி ஓரமாக நகர்த்தினார்.

சக்கர நாற்காலியில் இருந்த முத்துமீனா பதறினாள். "பையத் தூக்குண்ணே. இடுப்பு பிடிச்சுக்கிறப் போகுது."

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு இதுக்கா அசருவேன்?"

ஏழு வருடத்துக்கு முன் அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்ததில் அவளுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போயின. அப்பாவின் ஒன்றரை ஏக்கரில் பங்கு கேட்டு அவள் போட்டிருந்த வழக்கு அப்போது மதுரையில் நடந்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். இறங்கினால் மாடிப்படி. நாலு பேர் மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு போய் இறக்குவதற்கு அவள் சம்மதிக்கவில்லை. வாதி வரவில்லை என்று இரண்டு முறை வழக்கு தள்ளுபடி ஆனது. இரண்டு முறையும் வக்கீல் மனுப் போட்டு மீட்டார்.

தள்ளுபடியான அந்த இரண்டு நாளும் சங்கிலிக்குச் சோறு இறங்கவில்லை. ஊரிலேயே ஒரு கோர்ட் வேண்டும் என்று மனு எழுதினார். சுற்று வட்டாரமெல்லாம் அலைந்து கையெழுத்து வாங்கினார். கலெக்டர் ஆபீஸுக்குத் திங்கள்தோறும் நடையாய் நடந்தார். மூன்று வருடம் கழித்து அரசு நிதி ஒதுக்கியது. கட்டடம் எழும்பிய பிறகு, சாய்தளத்துக்கு மட்டும் நிதி இல்லை என்றார்கள். மறுபடியும் நடந்தார்.

கடைசி பைக்கையும் ஒதுக்கிவிட்டு நாற்காலியைத் தள்ளினார். சரிவில் சக்கரங்கள் சிரமமில்லாமல் ஏறின. மேலே போனதும் முத்துமீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் பெயர் கூப்பிடும் ஊழியர் முத்துத்தாய் சிரித்தார். "மனுப் போட்டு மனுப் போட்டே இந்தக் கோர்ட்டக் கொண்டு வந்தது நீங்கதானாமே சங்கிலியண்ணே! கூடப் பொறந்தவளுக்காகவா?"

"இவளுக்கும்தான். நம்ம சுத்துப்பட்டு சனத்துக்கும்தான்."

"பங்கு தர மாட்டேங்கிற ஆளு இன்னிக்காவது வருவாரா?"

"வருவான். கட்டாயம் வருவான்."

"நெஞ்சுல ஈரமே இல்லாத ஆளு போல."

"அப்படியும் சொல்லிற முடியாதும்மா. நெலம் தனக்குத்தான்னு பெரியவர் சாகும்போது சொல்லிட்டுப் போனதா அவன் நம்புறான். இவ இல்லைங்கிறா. யார் பேச்சு சரின்னு கோர்ட்டு சொல்லட்டும். ஆனா, இவளால வர முடியலங்கிற ஒரே காரணத்துனால அவன் ஜெயிச்சிடக் கூடாது."

முத்துமீனா தலை குனிந்துகொண்டாள்.

நீதிபதி வந்து அமர்ந்தார். வாசலில் நின்றபடி முத்துத்தாய் தாளைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார். "வாதி முத்துமீனா!"

"வந்திருக்கேம்மா!" அவள் குரல் கணீரென்று கேட்டது.

வாதி ஆஜர் என்று குறித்துக்கொண்டார்கள். ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது சங்கிலிக்கு. நீளமாக மூச்சு விட்டார்.

அடுத்த பெயரைப் படிக்க வாயெடுத்த முத்துத்தாய் தயங்கினார். தாளையும் சங்கிலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிரதிவாதி... சங்கிலி?"

"நாந்தாம்மா," என்று சொல்லிவிட்டு, தங்கையின் நாற்காலிச் சக்கரம் நகராதபடி பிரேக்கைப் போட்டு, அவளுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றார் சங்கிலி.