கோட்டைத் தொட்ட பந்து

"எவன்டா அந்தப் பந்தை உள்ளேன்னு சொன்னது?"

பதில் வருவதற்குள் அறை விழுந்தது. கல்லூரி டென்னிஸ் போட்டியை நடத்திக்கொண்டிருந்த செயலாளர் தன் அலுவலக அறையில் நாற்காலியோடு சாய்ந்தார். பந்து டப்பாக்கள் தரையில் உருண்டன.

அடித்தவர், சற்றுமுன் கால் இறுதியில் தோற்ற மாணவனின் அப்பா.

"கடைசிப் பந்து ஒரு ஜாண் வெளியே போச்சு. நான் கேலரியிலிருந்து பார்த்தேன். கோர்ட்ல அம்பயரையே காணோம். உள்ளேன்னு சொன்னவன் பேரைச் சொல்லு, அவன் கையை முறிச்சுட்டுப் போறேன்."

செயலாளர் உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னை வேணா அடிங்க சார். பேரைச் சொல்ல மாட்டேன்."

"அவ்வளவு திமிரா?"

மூலையில் கிடந்த ராக்கெட் அப்பாவின் கைக்கு வந்தது. முதல் அடியில் செயலாளரின் கண்ணாடி நொறுங்கியது. இரண்டாவதில் புருவம் கிழிந்தது. மூன்றாவதுக்கு ஓங்கியபோது வாசலில் மகன் நின்றான்.

"அவரை விடுங்கப்பா. நான்தான் சொன்னேன். அரையிறுதிக்கு முன்னாடி அம்பயர் கிடையாது. அவங்கவங்க பக்கம் விழுற பந்து உள்ளேயா வெளியேயான்னு அவங்கவங்களேதான் சொல்லணும். அது என் பக்கக் கோட்டுல பட்டுச்சுப்பா."

ஓங்கிய ராக்கெட்டோடு அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

மகன் ஓடவில்லை. தினமும் செய்கிற வேலைபோலச் சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டி நின்றான். முதுகெல்லாம் பெல்ட் தழும்பு.

செயலாளர் தள்ளாடி எழுந்து இருவருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"காலையில இவன் உடை மாத்துறப்ப பார்த்தேன் சார். அதான் பேரைச் சொல்லல."