பிறக்காத முதுகுக்கு ஒரு பொட்டு

சேலம் மருத்துவமனையில் தனப்பிரியாவின் கட்டில் கம்பியில் பத்து மணி வெயில் மின்னுகிறது. அவள் வயிற்றிலிருக்கும் ஆறு மாதக் குழந்தையின் முதுகில் மூடாமல் இருந்த இடத்தை, கருப்பைக்குள் வைத்தே முந்தாநாள் தைத்திருக்கிறார்கள். கால்கள் அசையாமலே போய்விடுமோ என்பதுதான் மூன்று வாரமாக வீட்டின் பயம். டாக்டரம்மா அப்போது எடுத்த படத்தைத் தன் கைபேசியில் காட்டுகிறார். லாரி ஓட்டும் அவள் கணவன் குணசீலன் கையால் முகத்தைப் பொத்திக்கொள்கிறான். பிறகு விரலிடுக்கில் பார்க்கிறான். சிவந்த ஈரத்தின் நடுவே இரண்டு விரல் அகலத்தில் ஒரு முதுகு, அதில் கறுப்புத் தையல். “காலு அசையுதுங்களா?” என்கிறான். “இன்னைக்கு ஸ்கேன்ல ரெண்டு காலும் உதைக்குது,” என்கிறார் டாக்டரம்மா. குணசீலன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுகிறான். “தார்ப்பாயைக்கூட நான் இத்தனை நெருக்கமாத் தைச்சதில்லீங்க,” என்கிறான். “நீங்க தைச்சா மழை உள்ள வருமுங்க,” என்று சிரிக்கிறாள் தனப்பிரியா. “அதை உடுங்க. பொறக்குமுன்னயே போட்டோ எடுத்தாச்சு, கண்ணு பட்டுறாதுங்களா?” நெற்றியிலிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை உரித்து, கைபேசித் திரையில் அந்தச் சின்ன முதுகுக்குப் பக்கத்தில் ஒட்டுகிறாள். டாக்டரம்மா அதை உரிக்காமல் கைபேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நடக்கிறார்.