பொடி நாள்

அப்பா பூதக்கண்ணாடியைக் கேட்டபோதுதான் ஹரிநாராயணனுக்குத் தன் முட்டாள்தனம் உறைத்தது.

பொடியை வீட்டு டப்பாவில் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கண்மறைவாக எறிந்திருக்க வேண்டும். பையோடு சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். திரும்பி வருவதற்குள் பாட்டில் அப்பா கையில் இருந்தது.

எண்பத்தாறு வயது வெங்கடேஸ்வரன் சர்க்கார் ஆபீசில் காலமெல்லாம் கோப்பு படித்தவர். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காமல் விடமாட்டார்.

பாட்டிலில் இருந்தது பருப்புப்பொடி. தங்கை பத்மஜா மெல்பர்னில் அம்மாவின் கைப்பக்குவத்தில் அரைத்து, பாட்டிலில் அடைத்து விற்கிறாள். பழவங்காடிக் கடைத்தெருவில் வெளிநாட்டுச் சீஸும் ஆலிவ் எண்ணெயும் இறக்குமதி செய்து விற்கும் ஹரி, அதில் நானூறு பாட்டில் வரவழைத்திருந்தான்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். கடை வியாபாரம் ஒரு சாக்குதான். அம்மா சாவித்ரி போய்ச் சேர்ந்த இந்த ஒன்பது வருஷமாக அப்பாவுக்கு எந்தப் பொடியும் இறங்கவில்லை. ஒரு பிடி மோர்சாதத்தோடு எழுந்துவிடுவார். ஒருவேளையாவது அவர் வயிறாரச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஹரிக்கு.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பொடியில் பூண்டு இருந்தது.

பருப்புப்பொடி என்றால் அப்பாவுக்கு உயிர். சாப்பிட்டால் வாயு பிடித்துக்கொள்ளும். பூண்டு சேர்த்தால் சரியாகும் என்றார் வைத்தியர். பூண்டு இந்த வீட்டுப் படியேறக் கூடாது என்றார் அப்பா. அம்மா இரண்டு பேரையுமே எதிர்த்துப் பேசவில்லை.

அப்பா சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பியதும் பூண்டு நெய்யில் வறுபடும். வாசனையை அமுக்கப் பெருங்காயத்தை வாரிப் போடுவாள். பத்மஜா ஜன்னலையெல்லாம் திறப்பாள். ஹரி முறத்தால் விசிறுவான். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

பொடி நாளென்று பார்த்து அப்பாவுக்குக் கோயிலில் நேரமாகிவிடும். வரும்போதும் தெருமுனையிலேயே பலமாக இருமிக்கொண்டு வருவார். அம்மாவுக்கு சுவாமி துணையிருக்கிறார் என்று பிள்ளைகள் நம்பினார்கள். ஒருநாள்கூட மாட்டிக்கொண்டதில்லை. அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் ஹரிக்கு இப்போதும் நாக்கில் ஊறுவதும் கண்ணில் ஊறுவதும் ஒன்றாகவே நடக்கும்.

"அப்பாவுக்கு மட்டும் தெரியப்படாதுடா." ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாக வாங்கிய சத்தியம் அது.

பத்மஜா அதை மறக்கவில்லை. ஒப்புதலுக்கு அனுப்பிய லேபிளில் பூண்டையே எழுதாமல் விட்டிருந்தாள். ஹரிதான் திருப்பி அனுப்பினான். சேர்த்த பொருளில் ஒன்றைக்கூட விடாமல் எழுத வேண்டும் என்பது சட்டம். பூண்டு தொடாதவர் யாராவது நம்பி வாங்கிச் சாப்பிட்டால் பாவம் வேறு.

"அம்மாவைக் காட்டிக்கொடுக்கறயா அண்ணா?" என்று போனில் அழுதாள். அழுதுகொண்டேதான் அச்சுக்குக் கொடுத்தாள்.

கடை விலாசத்தையும் லைசென்ஸ் நம்பரையும் சரக்கு இங்கே இறங்கியபின் தனிச் சீட்டாக ஒட்டிக்கொள்ளலாம். அந்தச் சீட்டைச் சேர்மானப் பட்டியலின்மேல் ஒட்டி மறைக்கக் கூடாது. ஹரி மறைக்கவில்லை. மாதிரி பாட்டில் ஆய்வகம் போய்த் தேறி, சரக்கு இன்று காலைதான் கடைக்கு வந்தது. ஊருக்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டு, வீட்டில் மறைக்கத்தான் மறந்துவிட்டான்.

அப்பாவின் விரல் வரிவரியாக இறங்கியது. துவரம்பருப்பு. கடலைப்பருப்பு. மிளகாய். உப்பு. மிளகு.

அடுத்த வரியில் நின்றது.

சுவரில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்க்க ஹரிக்குத் துணிச்சல் வரவில்லை. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால்கூடப் பரவாயில்லை. சமாதானம் சொல்ல அவள் இல்லாத நேரத்தில் அவள்மேல் கசப்பு வந்துவிடுமே என்றுதான் தவித்தான்.

அப்பா பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். மூடியைத் திருகித் திறந்து முகர்ந்தார். துளிப் பொடியை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"மூணு பெர்சென்ட்னு போட்டிருக்காளேடா," என்றார். "சாவித்ரி இதைக்காட்டிலும் கூடுதலாக்கும் போடுவா."