மூன்றாவது சரணம்

கடைசிப் பாட்டை ஓடவிடும் முன், சவுண்ட் இன்ஜினியர் ஒரே ஒரு டிராக்கை மட்டும் மியூட் செய்தாள்.

அது தூணின் குரல் இருந்த டிராக்.

தூண் அவளுக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவர். மேடையில் அசையாமல் நிற்பதால் ரசிகர்கள் வைத்த பெயர் அது. பிறகு வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அதே சோபாவின் மறுமுனையில் பாடகர். தூணின் தங்கையைக் கட்டியவர்.

குழு உடைந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. இந்த வருடம் மறுபடி சேர்ந்து ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். போன இடமெல்லாம் கூட்டம். நரைத்த தலைகள் முட்டிவலியை மறந்து குதித்தன.

கடைசி நாள் கச்சேரிதான் ஆல்பமாக வரப்போகிறது. நான்கு பேரில் யார் வேண்டாம் என்றாலும் அந்தப் பாட்டு ஆல்பத்தில் இருக்காது, அப்படித்தான் பேச்சு. டிரம்ஸ்காரரும் லீட் கிதார்க்காரரும் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். மற்ற பாட்டுகளுக்குப் பாடகரும் தலையாட்டிவிட்டார். இது ஒன்றுதான் பாக்கி.

எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு. இரண்டு சரணங்கள்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. தூண் எழுதியது.

அந்தக் காலத்தில், பதிவு அறையில், பாடகர் அதை எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். காற்று எங்கேயாவது நாற்காலி கேட்குமா என்று சிரித்தார். இதைவிட, வாடகையைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு ஒரு மனு எழுதியிருக்கலாம், அதிலாவது கொஞ்சம் உணர்ச்சி இருக்கும் என்றார்.

தூண் கிதாரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு வெளியே போனார்.

பாட்டு இரண்டு சரணங்களோடு வெளிவந்தது. ஊரே பாடியது. அந்த நான்கு வரிகளுக்காக இரண்டு வீடுகளுக்கும் இடையே போக்குவரத்து நின்றது. அண்ணன் வீட்டு விசேஷங்களுக்குத் தங்கை தனியாக வந்து, தனியாகச் சாப்பிட்டுப் போனாள்.

சுற்றுப்பயணத்துக்கு முன்பு போன் செய்ததும் அவள்தான். இவருக்கு வரிகள் மறந்துபோகின்றன, ஆனால் பாடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், நீ பக்கத்தில் நின்றால் போதும் அண்ணா என்றாள்.

நின்றார்.

வரிகளைக் காட்டும் திரையை மேடையில் வைக்கப் பாடகர் விடவில்லை. முன்வரிசைக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்றார். அதனால் தூணுக்கு ஒரு தனி மைக் கொடுத்தார்கள். அதில் பேசுவது பாடகரின் காதில் மட்டும் விழும். தூண் ஒவ்வொரு வரியையும் ஒரு மூச்சு முன்னதாகச் சொல்வார். பாடகர் பாடுவார். கேட்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

கடைசி நாள், கடைசிப் பாட்டில், இரண்டாவது சரணம் முடிந்த பிறகும் தூண் நிறுத்தவில்லை.

பாடகரும் நிறுத்தவில்லை. டிரம்ஸ்காரர் மட்டும் சற்றுத் தடுமாறி, பிறகு பிடித்துக்கொண்டார்.

அன்று மேடையிலிருந்து இறங்கியதும் பாடகர் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, தூங்கப் போய்விட்டார். மேடையில் காதில் விழுந்தது, பாடினார். உட்கார்ந்து கேட்பது இன்றுதான்.

தூண் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். காரிலேயே பதில்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சிரித்தால் என்ன சொல்வது, கத்தினால் என்ன சொல்வது, ஏமாற்றிப் பாடவைத்தாய் என்றால் என்ன சொல்வது. இந்தமுறை எழுந்து போவதில்லை என்று முடிவு செய்திருந்தார். அந்தச் சரணம் ஆல்பத்தில் இருந்தாக வேண்டும்.

இன்ஜினியர் பாட்டை ஓடவிட்டாள்.

பாடகரின் குரல் தேய்ந்திருந்தது. தேய்ந்ததில் ஒரு அழகு வந்திருந்தது. கூட்டம் வரிக்கு வரி கூடவே பாடியது. முதல் சரணம். இரண்டாவது சரணம்.

பிறகு கூட்டம் அடங்கியது. அவர்களுக்குத் தெரியாத வரிகள்.

*கதவைத் திறந்துவைத்தேன், காற்று வந்தது.*
*உட்காரச் சொன்னேன், உன் நாற்காலியைக் கேட்டது.*
*கொடுக்க மனம் வரவில்லை.*
*இருவரும் நின்றபடியே விடிந்தது.*

பாடகர் கையை உயர்த்தினார். இன்ஜினியர் நிறுத்தினாள்.

பாடகர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து இன்னும் ஏதோ வரவேண்டியிருப்பதுபோல. தூண் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

பிறகு பாடகர் தூணின் பக்கம் திரும்பினார்.

"இதை யாரு மச்சான் எழுதினது?"

தூண் அந்த முகத்தில் கேலியைத் தேடினார். இல்லை. கோபமாவது இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. நல்லதொன்றை முதல்முறையாகக் கேட்டவரின் முகம் அது. பதிவு அறை, மனு, மூடிய கிதார்ப் பெட்டி, எதுவும் அதில் மிச்சமில்லை.



இன்ஜினியர் திரும்பவில்லை. நின்றுபோன அலைக்கோடுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீதான்" என்றார் தூண்.

பாடகர் மெல்லச் சிரித்து, சோபாவில் சாய்ந்துகொண்டார்.

"நினைச்சேன். அப்ப இருக்கட்டும்."