கொசுப் பாட்டு

லாரியில் அடுக்கிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் கஸ்மூரி முறைத்துக்கொண்டு நின்றார். பல வருஷமாகக் கிழக்கு ஜாவாவில் அவர் லாரி வராமல் ஊர்வலமே கிடையாது. லாரி தெருமுனையில் திரும்பும் முன்பே தெருக்காரர்கள், சத்தத்தில் உடையாமல் இருக்க, ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். இன்றைக்கு என்னவோ பாட்டு கொசு ரீங்காரம்போல் இருந்தது.

"ஏன்டா பிரனோத்தோ, நல்ல ஸ்பீக்கரை வித்துத் தின்னுட்டு டப்பாவை மாட்டிட்டியா?"

மெக்கானிக் பிரனோத்தோ தலையில் அடித்துக்கொண்டு ஏதோ முனகினான்.

"என்ன முனகல்? மாட்டிக்கிட்டா மட்டும் வாய்ல பேச்சு வராதே!"

மறுபடியும் முனகல்தான். சந்தேகமே இல்லை, திருட்டுப் பயல்!

கஸ்மூரியே குமிழைக் கடைசிவரை திருகினார். "நீயே கேளு! இதெல்லாம் ஒரு சத்தமாடா?"

பிரனோத்தோ இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஓடினான்.

கஸ்மூரியின் முதுகுக்குப் பின்னால், யாரோ கழற்ற மறந்த ஜன்னல் கண்ணாடி படாரென்று வெடித்துச் சிதறியது.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.